2005இல் துபாயிலிருந்து வந்த கையடக்கக் கணினி: இதை ஸ்மார்ட்போன் என்று எழுதலாமா?

பரண் (தக்கலை)

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் ஒரு சின்ன வழக்கு. தீர்ப்பு வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

மழைக்கு முன் பரணை ஒழித்தபோது, என் மாமா 2005இல் துபாயிலிருந்து கொண்டுவந்த ஒரு கருவி கிடைத்தது. உள்ளங்கை அளவு. வண்ணத் தொடுதிரை, உடம்புக்குள் செருகிவைக்கும் ஒரு குச்சி, தலையில் குட்டி ஆண்டெனா. பேட்டரியைக் கழற்றினால் சிம் போடும் இடம் தெரிகிறது. கூடவே இருந்த கையேட்டில் 'பாக்கெட் பி.சி. ஃபோன் எடிஷன்' என்று அச்சிட்டிருக்கிறது. செய்த நிறுவனத்தின் பெயர் தேய்ந்துபோய்விட்டது. மின்சாரம் கொடுத்தால் இன்னும் உயிர் வருகிறது.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் இதைப் பள்ளியில் நடக்கும் பழம்பொருள் கண்காட்சிக்குக் கொண்டுபோகிறாள். பக்கத்தில் வைக்கும் அட்டையில் 'எங்கள் குடும்பத்தின் முதல் ஸ்மார்ட்போன்' என்று எழுதினாள். மாமா அதைப் பார்த்துவிட்டு, "மக்களே, அது ஃபோன் இல்லை, கம்ப்யூட்டர். பேசவும் முடியும், அவ்வளவுதான். அட்டையை மாற்று" என்றார். பெருமைப்பட வேண்டியவரே மறுக்கிறார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. சிம் இருக்கிறது, இணையம் பார்க்கலாம், மென்பொருள் ஏற்றலாம், பிறகு என்ன குறை என்று மகள் கேட்கிறாள். எனக்கும் பதில் தெரியவில்லை.

மணிமேடை மெக்கானிக் (நாகர்கோவில்)

உங்கள் மாமா சொல்வது சரி. அவர் நினைக்கும் காரணம் எதுவாக இருந்தாலும் சரிதான்.

2003 முதல் செல்பேசி பழுதுபார்க்கிறேன். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் இப்படிப்பட்டதை ஒரு துணிப்பையில் சுற்றி, குழந்தையைக் கொண்டுவருவதுபோல் கொண்டுவருவார்கள். கடையில் நாங்கள் 'பி.டி.ஏ.' என்போம், அதாவது கையடக்கக் கணினி. ஸ்மார்ட்போன் என்று ஒருவரும் சொன்னதில்லை.

இதில் ஒரு வேடிக்கை. 2002இல் மைக்ரோசாஃப்ட் இரண்டு தனித்தனி வகைகளை வெளியிட்டது. தொடுதிரையும் குச்சியும் உள்ள வகைக்குப் பெயர் 'பாக்கெட் பி.சி. ஃபோன் எடிஷன்'. தொடுதிரை கிடையாது, எண் பொத்தான்களை அமுக்கித்தான் எல்லாம் செய்ய வேண்டும் என்ற வகைக்குப் பெயர் 'ஸ்மார்ட்போன்'. இன்றைய பிள்ளைகளிடம் இரண்டையும் காட்டி எது ஸ்மார்ட்போன் என்று கேட்டால் நூற்றுக்கு நூறு பேர் மாற்றித்தான் சொல்வார்கள். 2007இல் இந்தக் கருவிகளை ஓட்டும் மென்பொருளின் புதிய பதிப்பான விண்டோஸ் மொபைல் 6 வந்தபோது பெயர்களைக் கலைத்துப் போட்டார்கள். பேசும் வசதி இல்லாத பாக்கெட் பி.சி. 'கிளாசிக்' ஆயிற்று, பேசும் வசதி உள்ளது 'புரொஃபெஷனல்', பொத்தான் வகை 'ஸ்டாண்டர்ட்'.

ஆக 2005இல் பிறந்த உங்கள் கருவியின் பிறப்புச் சான்றிதழில் கணினி என்றுதான் இருக்கிறது.

கோட்டாறுக்காரன் (இப்போது பெங்களூரு)

//பிறப்புச் சான்றிதழில் கணினி என்றுதான் இருக்கிறது//

அண்ணாச்சி, பெற்றவர் வைத்த பெயரே கடைசிவரை நிற்கும் என்றால் ஊரில் பாதிப் பேரை யாருக்கும் அடையாளம் தெரியாது.

1994இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஐ.பி.எம். சைமனை எடுத்துக்கொள்ளுங்கள். அரை கிலோ எடை. தொடுதிரை, மின்னஞ்சல், ஃபேக்ஸ், நாட்காட்டி, தொலைபேசி எல்லாம் ஒரே செங்கல்லுக்குள். பேட்டரி ஒரு மணி நேரம் நின்றால் அதிகம். ஏறக்குறைய 50,000 விற்றதாகக் கணக்கு. விற்றபோது அதை ஸ்மார்ட்போன் என்று விற்கவில்லை, 'பெர்சனல் கம்யூனிகேட்டர்' என்றுதான் விற்றார்கள். இன்று உலகின் முதல் ஸ்மார்ட்போன் எது என்று கேட்டால் எல்லோரும் கைகாட்டுவது அதைத்தான். பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

மறுபக்கமும் பாருங்கள். 2000இல் எரிக்சன் ஆர்380 ஸ்மார்ட்போன் என்ற பெயரைச் சொல்லியே சந்தைக்கு வந்தது. அதில் வெளியிலிருந்து ஒரு மென்பொருள்கூட ஏற்ற முடியாது. மாமாவின் கருவியில் ஏற்றலாம். பெயர் உள்ளதற்குத் திறமை இல்லை, திறமை உள்ளதற்குப் பெயர் இல்லை.

ரப்பர்பால் (குலசேகரம்)

வெளியிலிருந்து செயலி ஏற்ற முடிந்தால்தான் ஸ்மார்ட்போன் என்றால் ஐஃபோனே தேறாது. 2007 ஜூனில் வந்தது, ஆப் ஸ்டோர் திறந்தது 2008 ஜூலையில். அந்த ஓர் ஆண்டு அது என்னவாக இருந்தது?

மணிமேடை மெக்கானிக் (நாகர்கோவில்)

விலை உயர்ந்த ஃபோனாக இருந்தது.

எல்லைக்கோடு (களியக்காவிளை)

அளவையும் ஒரு கணக்கில் சேர்க்க வேண்டாமா? 2010இல் வந்த ஏழு அங்குல சாம்சங் கேலக்ஸி டேப்பில் சிம் போட்டு நேராகப் பேச முடியும். அதைப் பார்த்து மற்றவர்களும் 'பேசும் டேப்லெட்' என்று ஏராளமாக விற்றார்கள். என் மாமனார் அப்படி ஒன்று வைத்திருந்தார். மார்த்தாண்டம் பஸ் நிலையத்தில் அதைக் காதில் வைத்துப் பேசினால் முகத்தில் மூக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்தில் நின்ற ஒருவர், "ஐயா, இடியாப்பத் தட்டு வாங்கிக்கொண்டு போகிறீர்களா?" என்று கேட்டார். மாமனார் சிரிக்கவில்லை. அன்று முதல் காதுக்கு வயர் மாட்டிக்கொண்டார்.

உள்ளே பார்த்தால் அதற்கும் ஸ்மார்ட்போனுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. சட்டைப்பைக்குள் நுழையவில்லை, அவ்வளவுதான். அப்படியானால் இந்த வழக்கைத் தீர்ப்பது பொறியாளரா, தையல்காரரா?

இன்னொன்று, தொடர்பில்லாததுதான், மன்னிக்கவும். ரோமிங் கட்டணம் இருந்த காலத்தில், மாநில எல்லையில் உள்ள எங்கள் வீட்டு முன்னறையில் தமிழ்நாட்டு சிக்னல், அடுக்களையில் கேரள சிக்னல். மனைவி அடுக்களையில் நின்று தாய்வீட்டாரிடம் பேசினால் தனிக் கட்டணம். மீன்குழம்பு கொதிக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே முன்னறையில் நின்று பேசுவாள்.

டீச்சர் (மார்த்தாண்டம்)

நான் முப்பது ஆண்டு தமிழ் சொல்லிக்கொடுத்தவள். கருவியைப் பற்றி எனக்குத் தெரியாது, பெயரைப் பற்றி ஒரு வார்த்தை.

நன்னூல் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பிரிக்கிறது. காரணப்பெயரிலும் பொது உண்டு, சிறப்பு உண்டு. 'பறவை' பொது, பறப்பதற்கெல்லாம் பொருந்தும். 'வளையல்' சிறப்பு. வளைந்திருப்பதால் அந்தப் பெயர் வந்தது. ஆனால் வளைந்ததெல்லாம் வளையல் ஆகாது. சக்கரத்தையும் அரிவாளையும் யாரும் வளையல் என்பதில்லை. 'நாற்காலி'யும் அப்படியே. நான்கு கால் உள்ள மேசையும் கட்டிலும் வீட்டில் இருக்க, பெயர் ஒன்றுக்கு மட்டும் போய்விட்டது.

இங்கே சண்டை எதனால் வருகிறது என்றால், நீங்கள் எல்லோரும் 'ஸ்மார்ட்போன்' என்பதைப் பறவை மாதிரியான பெயராக நினைத்துக்கொண்டு இலக்கணம் தேடுகிறீர்கள். சிம் உண்டா, செயலி உண்டா, இத்தனை அங்குலமா என்று. அது வளையல் மாதிரியான பெயர். காரணம் பொருந்தினாலும் வழக்கு ஏற்றுக்கொண்டால்தான் பெயர் நிற்கும். 2005இல் உங்கள் ஊரில் அதை என்னவென்று அழைத்தார்கள் என்று அட்டையில் எழுதுங்கள்.

தமிழில் எழுதுவதானால் இன்னும் சிக்கல். 'திறன்பேசி' என்றால் முடிவில் நிற்பது பேசி; திறன் அதற்கு அடை. 'கையடக்கக் கணினி' என்றால் முடிவில் நிற்பது கணினி. ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு நழுவலாம், தமிழில் எழுதினால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும்.

பரண் (தக்கலை)

டீச்சர், நன்றி. மகளிடம் படித்துக்காட்டினேன். "2005இல் ஊரில் என்னவென்று அழைத்தார்கள்" என்று மாமாவிடம் கேட்டோம். "துபாய்ச் சாமான்" என்று அழைத்தார்களாம். அட்டைக்கு உதவாது.

அலைவாய் (தூத்தூர்)

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். கடலில் இந்தக் கேள்விக்கு வேறு பதில்.

எங்கள் விசைப்படகில் பன்னிரண்டு பேர் போவோம், பன்னிரண்டு பேரிடமும் ஸ்மார்ட்போன். கரை மறைந்து கொஞ்ச நேரத்தில் டவர் போய்விடும். அதன்பிறகு வாரக்கணக்கில் அது என்ன? சிம் உள்ளேதான் இருக்கிறது, யாரையும் கூப்பிட முடியாது. ஜி.பி.எஸ். மட்டும் வேலை செய்யும்; அதற்கு டவர் தேவையில்லை, வானத்திலிருந்து வருவது. படம் பார்ப்போம், கணக்கு எழுதுவோம், பிள்ளையின் புகைப்படத்தைப் பார்ப்போம். அதாவது பன்னிரண்டு கையடக்கக் கணினிகள். படகுக்குப் படகு பேசுவது வயர்லெஸ் செட்டில்தான்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களிடமும் நல்ல ஃபோன்கள் இருந்தன. கரையிலிருந்து ஒரு வார்த்தை போய்ச் சேரவில்லை. எங்கள் கரையில் அதை இன்றும் ஒருவரும் சாதாரணமாகப் பேசுவதில்லை. நானும் இதற்கு மேல் எழுதவில்லை.

2019இல் 'ஜெமினி' என்று ஒரு பெட்டியை அறிமுகப்படுத்தினார்கள். செயற்கைக்கோளிலிருந்து வரும் எச்சரிக்கையை அது வாங்கி, புளூடூத் வழியாக நம் ஃபோனுக்குக் கொடுக்கும். ஆனால் ஒருவழிப் பாதை. கரை சொல்வதை நாம் கேட்கலாம், நாம் சொல்வதைக் கரை கேட்காது. அப்போது ஃபோன் வெறும் திரை.

ஆகையால் 'பேசும் வசதி' என்பது கருவிக்குள் இருக்கும் சாமான் இல்லை. பாதி கருவியில், பாதி டவரில். டவரைக் கழித்தால் உங்கள் கையில் இருப்பதும் மாமாவின் பெட்டிதான்.

கோட்டாறுக்காரன் (இப்போது பெங்களூரு)

அலைவாய் அண்ணன் எழுதியதற்குப் பிறகு சின்ன விஷயம் பேசக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் நூலை விட வேண்டாம்.

டவர் இல்லாத இடத்தில் ஃபோன் ஃபோனாக இல்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் அது டவருக்காகக் காத்திருக்கிறது. கரை நெருங்கும்போது ஒருவரும் எதையும் அமுக்காமலே பன்னிரண்டு ஃபோனும் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கத் தொடங்கும் அல்லவா? கணினி அப்படிச் செய்யாது.

சிம்ப்யூட்டர் ஞாபகம் இருக்கிறதா? பெங்களூருவில் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் பொறியாளர்களும் சேர்ந்து வடிவமைத்த கையடக்கக் கணினி. லினக்ஸில் ஓடியது. 2004இல் 'அமிடா சிம்ப்யூட்டர்' என்று விற்பனைக்கு வந்தது, பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்தது. கருவியை அசைத்தால் புரிந்துகொள்ளும் உணரிகூட அதில் இருந்தது, ஐஃபோனுக்கு மூன்று ஆண்டுகள் முன்பே. கிராமத்து மக்களுக்கு ஒரு கணினி என்பதுதான் நோக்கம். உள்ளே ஃபோன் கிடையாது. நல்ல கருவி, பெரிதாக விற்கவில்லை. அதே ஆண்டுகளில் மலிவு விலைச் செல்பேசி மீன் சந்தைவரை போய்விட்டது. மக்கள் முதலில் கேட்டது கணினியை அல்ல, பேசுவதை. என் கணிப்பு இது, மறுப்பவர்கள் மறுக்கலாம்.

மணிமேடை மெக்கானிக் (நாகர்கோவில்)

தம்பி சொன்னதில் ஒரு சங்கதி பிடிபட்டது. என் பழைய கட்சியிலிருந்து பாதி இறங்கிவருகிறேன்.

கடையில் நான் சோதிக்கும் முறை ஒன்றைச் சொல்கிறேன். கருவியின் திரையை அணைத்து மேசையில் வைத்துவிடுவேன். வேறு ஃபோனிலிருந்து கூப்பிடுவேன். அதுவாக விழித்து ஒலித்தால் அது ஃபோன். விழிக்கவில்லை என்றால் எத்தனை சிம் போட்டாலும் கணினி. ஹேண்ட்ஸ்பிரிங் வைசர் என்ற கையடக்கக் கணினிக்கு 2000 வாக்கில் 'வைசர்ஃபோன்' என்று முதுகில் செருகும் துண்டு விற்றார்கள். செருகினால் ஃபோன், உருவினால் கணினி. அதைக் கணினி என்பேன். மாமாவுடைய வகை அப்படி இல்லை, திரை தூங்கினாலும் ஃபோன் பகுதி விழித்திருக்கும். என் சோதனையில் அது தேறிவிடும். இன்று கூப்பிட்டுப் பார்க்க முடியுமா என்பது உங்கள் பகுதியில் 2ஜி சிக்னல் மிச்சம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

பரண், ஒரு எச்சரிக்கை. பெயர்ப்பட்டியல் உள்ளே இருக்கும் என்று நம்ப வேண்டாம். 2005இல் விண்டோஸ் மொபைல் 5 வருவதற்கு முந்தைய பாக்கெட் பி.சி.க்களின் பொதுவான குணம், நாம் சேர்த்த தகவல்களை ரேமில்தான் வைத்திருக்கும். பேட்டரி முழுதாகத் தீர்ந்தால் எல்லாம் போய்விடும், பெட்டியிலிருந்து புதிதாக எடுத்ததுபோல் ஆகிவிடும்.

பரண் (தக்கலை)

உண்மைதான் அண்ணாச்சி. பெயர்ப்பட்டியல் காலி. மாமாவிடம் சொன்னேன். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பார்த்தாயா? ஃபோன் என்றால் சார்ஜ் தீர்ந்தால் தூங்கும். இது சார்ஜ் தீர்ந்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஒரு தடவை நான் சார்ஜ் போட மறந்து நூற்றைம்பது நம்பரைத் தொலைத்தேன், தப்பு என்னுடையது. அன்று முதல் பேசுவதற்குத் தனியாக ஒரு சின்ன நோக்கியா" என்றார்.

அதாவது அதில் பேசியதே கொஞ்ச நாள்தான். மகள் உடனே, "எனக்குக்கூட ஃபோனில் பேசுவது பிடிக்காது, அதற்காக என்னுடையது ஃபோன் இல்லையா?" என்று கேட்டாள்.

ரப்பர்பால் (குலசேகரம்)

மருமகள் கட்சிக்கு என் வாக்கு. இருந்தாலும் கீழ்ப்பக்கம் ஒரு கேள்வி. என் அம்மா அதிகாலையில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும்போது கையில் ஜியோஃபோன். 2017இல் 1,500 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தது. பொத்தான் வைத்த ஃபோன்தான். யூடியூப் பார்ப்பார். 2018இல் வாட்ஸ்ஆப்பும் வந்தது. விளம்பரத்தில் அதை 'இந்தியாவின் ஸ்மார்ட்போன்' என்றே சொன்னார்கள். வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "அம்மாவிடம் சாதா ஃபோன்தான்" என்போம். தொடுதிரை இல்லை என்ற ஒரே காரணம்! 2002இல் மைக்ரோசாஃப்ட் தொடுதிரை இல்லாததைத்தானே ஸ்மார்ட்போன் என்றது? இருபது ஆண்டுக்குள் பெயர் குட்டிக்கரணம் அடித்துவிட்டது.

தோவாளைப்பூ

விலைக்குத் தருவீர்களா? பழைய கருவிகள் சேர்க்கிறேன். நோக்கியா 9000 கம்யூனிகேட்டர் ஒன்று இருக்கிறது, 1996 மாதிரி. மூடினால் ஃபோன், திறந்தால் விசைப்பலகையுடன் கணினி. இந்தச் சண்டையே வராது, மூடியிருக்கும்போது கேட்கிறாயா திறந்திருக்கும்போது கேட்கிறாயா என்று கேட்டுவிடலாம்.

பரண் (தக்கலை)

விற்பதற்கில்லை. காரணம் கீழே.

கண்காட்சி முடிந்துவிட்டது. கடைசியில் டீச்சரின் யோசனைப்படி தமிழில்தான் எழுதினோம்: 'பேசும் வசதியுள்ள கையடக்கக் கணினி. துபாய், 2005. இன்று இதன் பேரப்பிள்ளைகளைத் திறன்பேசி என்கிறோம்.' இரண்டாவது வாக்கியம் மகளுடைய கைங்கரியம். மாமா முதல் வாக்கியத்தைப் படித்துத் தலையாட்டிவிட்டு இரண்டாவதைப் படிக்காததுபோல் இருந்துவிட்டார்.

வந்த பிள்ளைகள் எல்லோரும் விரலால் திரையைத் தடவினார்கள். ஒன்றும் நகரவில்லை. அது அழுத்தத்தை அறியும் திரை, குச்சியாலோ நகத்தாலோ அமுக்கினால்தான் கேட்கும். "அக்கா, இது கெட்டுப்போய்விட்டது" என்று ஒரு ஆறாம் வகுப்புச் சிறுவன் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டான். அங்கே ஒரு கல் ஆட்டுரல் இருந்தது. அதற்குத்தான் கூட்டம்.

இனி காரணம். இந்த இழையை நேற்று இரவு அத்தைக்குப் படித்துக்காட்டினேன். டீச்சர் எழுதிய இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். "வளைந்ததெல்லாம் வளையல் ஆகாது, அது எனக்கும் தெரியும். அந்த வருஷம் நான் கேட்டது வளையல். உன் மாமா வந்து இறங்கியபோது பெட்டியில் இருந்தது இது. ஏற்கெனவே ஒரு ஃபோன் இருக்க இன்னொன்று எதற்கு என்று கேட்டேன். 'ஃபோன் இல்லை, கம்ப்யூட்டர், பிள்ளைகள் படிப்புக்கு' என்று சத்தியம் செய்தார்" என்றார். இந்தக் கருவியின் விலை அன்றைய பவுன் விலையில் நான்கைந்து பவுன் இருக்கும் என்று மெக்கானிக் அண்ணாச்சி ஏற்கெனவே எனக்குத் தனியாகக் கணக்குச் சொல்லியிருந்தார். அதை நான் அத்தையிடம் சொல்லவில்லை.

மாமா அப்போது திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். காதில் விழுந்திருக்க வேண்டும். மெதுவாக எழுந்து தென்னைக்குத் தண்ணீர் திறந்துவிடப் போனார். வெளியே நல்ல மழை.

டீச்சர் (மார்த்தாண்டம்)

பரண், உன் அத்தையை ஒருநாள் எங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வா. மாமாவையும் வரச்சொல், அந்தக் கணினியோடு.